செவ்வாய்க்கிழமை மாத்திரை

"நாளைக்குப் பத்து மணிக்கு மீட்டிங்" என்று யாராவது சொல்லி வாயை மூடுவதற்குள், "எந்த ஊரு பத்து?" என்று கேட்டுவிடுவார். ஆறு வருடமாக இதே கேள்விதான். பதில் வரும்வரை கழுத்தை நீட்டியபடியே நிற்பார். மென்பொருள் எழுதும் அந்த அலுவலகத்தில் அவருக்குத் 'தேதியக்கா' என்று பெயர் விழுந்துவிட்டது.

"அக்காகிட்ட வயசு கேட்டா, எந்த ஊரு கணக்குல வேணும்னு கேப்பாங்கடா" என்பான் எதிர் மேசைக்காரன்.

"என் வயசக் கேட்டுட்டு நீ இந்த ஆபீஸ்ல இருந்துருவியா?" என்று அவரும் சிரிப்பார். கண் மட்டும் திரையை விட்டு அகலாது.

வேலை, மாத்திரை சாப்பிட வேண்டிய நாளை நினைவூட்டும் செயலி. அவர் மேசையில் நான்கு கைப்பேசிகள், இரண்டு கணினிகள். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு தேசத்து மணி. காலையில் வந்ததும், தோள் பையைக்கூடக் கழற்றாமல் ஆறையும் திறந்து பார்ப்பார். ஒன்று திறக்கத் தாமதமானாலும், நின்றபடியே பதறிப்போய் மறுபடி மறுபடி தட்டுவார்.

அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பது மேலாளரைத் தவிர யாருக்கும் தெரியாது.

ஆறு வருடத்துக்கு முன் அந்தக் கருவிகள் எல்லாமே உள்ளூர் மணியில் இருந்தன. சோதித்தார், ஒரு பிசகும் இல்லை. மாத்திரை நாளை வெறும் நாளாகச் சேமித்திருந்தால் போதும். அவரோ அதனுடன் நள்ளிரவு பன்னிரண்டு மணியையும் சேர்த்து எழுதியிருந்தார். இங்கே செவ்வாய் பிறக்கும் அந்த நொடியில், மேற்கே தொலைதூர நாட்டில் இன்னும் திங்கள்தான்.

ஒரு பெரியவருக்கு, இரத்தம் உறையாமல் இருக்க, ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்திரை. அவருடைய கைப்பேசி செவ்வாய் என்றது. மேற்கே வேலை பார்த்த மகளும் அதே செயலியில் அப்பாவின் மாத்திரை நாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்; அவள் கைப்பேசி திங்கள் என்றது. மகள் திங்களன்று கூப்பிட்டு, "அப்பா, இன்னைக்கு மாத்திரை நாள்" என்றாள், போட்டுக்கொண்டார். மறுநாள் தன் கைப்பேசி மணியடித்தது, அப்போதும் போட்டுக்கொண்டார். யார் சொன்னாலும் தட்டாத மனிதர். இப்படித் தினமும் போட்டதில், பன்னிரண்டாம் நாள் மூக்கில் வழிந்த இரத்தம் நிற்கவில்லை. உயிர் தப்பியதே பெரும்பாடு.

மகளின் கடிதம் வந்ததும், தேதியக்கா பிழையை ஒரே மதியத்தில் திருத்திவிட்டார். மேலாளர் கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார்.

"சரி பண்ணியாச்சுல்ல? அதோட விடுங்க. எழுத்துல ஒண்ணும் வெளிய போகக் கூடாது."

"அந்தப் பொண்ணு கேக்குதே சார், நான்தான் நாளைத் தப்பாப் பாத்தேனான்னு."

"பதில் போட்டீங்கன்னா மறுநாள் உங்களுக்கு இங்க நாற்காலி இருக்காது. வீட்டுல சம்பளம் வாங்குறது நீங்க ஒருத்தர்தானே?"

அன்றிலிருந்து அந்தப் பெண்ணின் கடிதம் வருடத்துக்கு ஒன்று கணினிக்கு வருகிறது. இந்த வெள்ளிக்கிழமையும் வந்தது. "அப்பாவுக்கு மறுபடி முடியல. வேலைய விட்டுட்டு வந்துட்டேன். அண்ணன் மாத்திரை டப்பாவத் தொட விடல. 'ஒரு தடவ கொல்லப் பாத்தது போதும்'னு எல்லார் முன்னாலயும் சொல்றான். இப்பவாவது சொல்லுங்க, அன்னைக்கு என் போன் என்ன காட்டுச்சு?"

தேதியக்கா இரண்டு முறை படித்தார். பதில் கட்டத்தில், "தப்பு உங்க மேல இல்லம்மா, என்" என்பது வரை தட்டினார். நடைவழியில் மேலாளரின் செருப்புச் சத்தம். சட்டென்று உள்ளங்கையை விரித்துத் திரையின் மேல் வைத்து அழுத்தினார். சத்தம் நெருங்கி, கடந்து, படியிறங்கித் தேய்ந்தது. கையை அவர் எடுக்கவில்லை.