மரம் இல்லாத பக்கமாக ஓர் அறை

“…நெழலெல்லாம் வருசம் முழுக்கப் பாத்தாச்சுடா. மரம் இல்லாத பக்கமா, வெயிலு நேரா மூஞ்சில அடிக்கிற மாதிரி ஒரு ரூம் பாரு. அது போதும் எனக்கு” என்று அம்மா தன் தம்பியிடம், அதாவது என் மாமாவிடம், சொல்லிக்கொண்டிருந்தபோது நான் சுவெட்டரோடு கூடத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.

பினாங்கில் சுவெட்டர் போட்டுக்கொண்டு நிற்பவர்கள் காய்ச்சல்காரர்களாக இருப்பார்கள், இல்லையென்றால் கேமரன் மலைக்குக் கிளம்புகிறவர்களாக இருப்பார்கள். நான் கேமரன் மலைக்கு ஆசைப்பட்டவள். வகுப்பில் பாதிப் பேர் வருடக் கடைசி விடுமுறைக்கு அங்கே போய், ஸ்ட்ராபெரி பறித்து, குளிரில் வாயால் ஆவி விட்டுப் படம் எடுத்துக்கொண்டு வந்து பீற்றிக்கொள்வார்கள். புக்கிட் மெர்தாஜாம் அத்தை தனக்குச் சிறுத்துப்போன சிவப்பு சுவெட்டர் ஒன்றை என்னிடம் கொடுத்து, “இந்த வருசமாச்சும் ஒங்கப்பன் கூட்டிட்டுப் போறானா பாப்போம்” என்றிருந்தார். அன்றிலிருந்து என் கணக்கில் கேமரன் முடிவாகிவிட்டது. அம்மாவின் கணக்கு வேறாக இருந்தது.

அம்மாவுக்கு பாயான் லெப்பாஸில் கணினிச் சில்லு செய்யும் ஒரு தொழிற்சாலையில் நிரந்தர இரவு வேலை. தெருவிளக்கு எரியத் தொடங்கும் நேரத்தில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே தொழிற்சாலைப் பேருந்து வந்து நிற்கும். உள்ளே போனால் தூசி படக் கூடாதென்று உச்சி முதல் பாதம் வரை வெள்ளை உடை, கண் மட்டும்தான் வெளியே. ஜன்னல் என்ற ஒன்றே அங்கே கிடையாதாம். “மழையா வெயிலான்னு வெளிய வந்தாத்தான் தெரியும்” என்பாள். அவள் வீடு திரும்பும்போது நான் பள்ளிக்குச் சடை பின்னிக்கொண்டிருப்பேன். நான் போனதும் அவள் அறைக்குள் போய் ஜன்னலில் கறுப்புத் துணியை இழுத்துவிட்டு, ஓரங்களில் துணிக் கிளிப்புகளை வரிசையாக மாட்டிவிட்டுப் படுப்பாள். ஒரு கீற்று வெளிச்சம் வந்தாலும் அவளுக்குத் தூக்கம் போய்விடும். ஆகவே எங்கள் வீட்டில் பகல் என்பது கிசுகிசுத்துப் பேச வேண்டிய நேரம். மற்ற வீடுகளிலும் அப்படித்தான் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

வருடக் கடைசியில் தொழிற்சாலையை மூடும்போதுதான் அம்மாவுக்கு லீவு. அதற்குத்தான் வெயில் கேட்டாள்.

மாமா சுற்றுலா வேன் ஓட்டுகிறவர். விமான நிலையத்திலிருந்து வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு பத்து ஃபெரிங்கி என்ற ஊரின் கடற்கரை விடுதிகளில் இறக்கிவிடுவார். அவர்கள் ஊரில் பனி கொட்டும் மாதங்களில் அவருக்கு ஓய்வே இருக்காது. அக்காவின் வேண்டுகோளைக் கேட்டதும் அவர் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

“இது வெள்ளக்காரன் கேக்குற கேள்விக்கா! எந்தப் பீச்சுல வெயிலு ஜாஸ்தின்னு வண்டியில ஏறுனதும் கேப்பான். அவன் ஊர்ல சூரியன ரேசன்ல குடுக்குறான், அவன் கேக்கலாம். ஒனக்கு என்னா கொற? கீழ கார் நிப்பாட்டுற எடத்துல போய் நில்லு. ஓசியில அடிக்குது.”

“அது அடிக்கிற நேரத்துல நான் தூங்குறேன்டா” என்றாள் அம்மா.

மாமா அதைக் காதில் வாங்கினாரா என்று தெரியவில்லை. கேள்வி என்று ஒன்று வந்துவிட்டால் பதில் சொல்லாமல் அவரால் இருக்க முடியாது. கிழக்குப் பக்கத் தீவுகளையெல்லாம் மழைக்கு மூடிவிட்டார்கள் என்றார். பத்து ஃபெரிங்கிக்குப் பின்னால் மலை, சாயங்காலம் ஆவதற்குள் நிழல் இறங்கிவிடும் என்றார். லங்காவித் தீவுதான் சரி, அதிலும் துறைமுகப் பக்கம் கூடாது, வடக்கும் கூடாது, மேற்குக் கரை, கடலைத் தவிர எதிரே ஒன்றும் இருக்கக் கூடாது என்றார். “ஓட்டல்காரன் வெயில்னு சொன்னா நம்பாத. அவன் துண்டு எவ்ளோ நேரத்துல காயுதுன்னு பாரு. துண்டு பொய் சொல்லாதுலா.”

அதன்பின் இருவரும் மாமாவின் கைத்தொலைபேசியை வைத்துக்கொண்டு விடுதிகளைத் தேட உட்கார்ந்தார்கள். உலகத்தில் எல்லாரும் நல்ல விமர்சனம் உள்ள விடுதியைத் தேடுவார்கள். அம்மா மோசமான விமர்சனங்களை மட்டும் வாசிக்கச் சொன்னாள். “தோட்டம் அழகு, குளுகுளுன்னு இருக்கு” என்று மாமா வாசித்தால் “வேணாம், தள்ளு” என்பாள். “மரத்தடியில் ஊஞ்சல்” என்றால் “அதுவும் வேணாம்.” எனக்கு அழுகையே வந்துவிட்டது. கேமரன்தான் இல்லையென்று ஆகிவிட்டது, ஊஞ்சலையுமா வேண்டாம் என்பது?

கடைசியில் ஒன்று வந்தது. யாரோ ஒருவர் கொதித்துப்போய் எழுதியிருந்தார். மாமா சத்தமாக மொழிபெயர்த்தார்: “பேருக்கு ஒரு மரம் இல்ல. வாசல்ல கால வெக்க முடியல. குடும்பமே வெந்து போச்சு. ஒரே ஒரு ஸ்டார், அதுவும் பாவம்னு குடுக்குறேன்.”

“இதான்” என்றாள் அம்மா. “இதப் போடு.”

செய்தி புக்கிட் மெர்தாஜாமுக்கும் போனது. அத்தை தொலைபேசியில் அப்பாவைப் பிடித்துக்கொண்டார். “காசக் குடுத்துக் கருத்துட்டு வர்ற குடும்பம் ஒலகத்துலயே ஒன்னுதான்டா இருக்கும். பொம்பளப்புள்ளய வெச்சிருக்க, ஞாபகம் இருக்கட்டும்.” அப்பா எல்லாவற்றுக்கும் “சரிக்கா, சரிக்கா” என்றார். அவர் யாரிடமும் அப்படித்தான். நான் யாருக்கும் தெரியாமல் சுவெட்டரைப் பையின் அடியில் வைத்தேன்.

மாமா தன் சவாரிகளை நண்பர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு எங்களோடு வந்தார்; குவாலா கெடா வரை அவர் வேன், அங்கிருந்து லங்காவிக்குப் படகு. விமர்சனம் எழுதியவர் பொய் சொல்லவில்லை. தகரக் கூரை போட்ட அறைகள் ஒரு வரிசை, முன்னால் வெள்ளைச் சரளைக்கல், அதற்கப்பால் மணல், அதற்கப்பால் கடல். செருப்பைக் கழற்றியவுடன் திரும்பப் போட்டுக்கொண்டேன். அம்மாவோ வாசலில் நின்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஆகாயத்தைப் பார்த்தாள், பல்லெல்லாம் தெரிய. “பைய வெச்சுட்டு வந்துர்றேன்” என்று உள்ளே போனாள்.

வரவேயில்லை. போய்ப் பார்த்தால் திரைச்சீலை இழுத்து மூடியிருக்கிறது. வீட்டிலிருந்து கையோடு கொண்டுவந்திருந்த துணிக் கிளிப்புகள் ஓரத்தில் வரிசையாக மாட்டியிருக்கின்றன. அம்மா சுவர் பக்கம் திரும்பித் தூங்குகிறாள்.

நான் எழுப்பப் போனேன். அப்பா கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்துவிட்டார். அன்று முழுவதும் அந்த வெயிலில் வெந்தவர்கள் நாங்கள் மூவர்தான். வெளியே விளக்குப் போட்டதும் அம்மா தானாக எழுந்து வந்தாள், வேலைக்குக் கிளம்புகிறவளைப் போல.

மறுநாள் விடமாட்டேன் என்று கங்கணம் கட்டிக்கொண்டாள். காலையிலேயே கடுங்காப்பி குடித்தாள். மணலில் மேலும் கீழும் நடந்தாள். வெயில் ஏறிய நேரத்தில், “தொப்பிய எடுத்துட்டு வர்றேன்” என்று போனாள். தொப்பியை எடுத்திருந்தாள், அதில் குறையில்லை. தலையில் வைத்தபடியே கட்டிலில் சாய்ந்து உறங்கிக்கொண்டிருந்தாள்.

“இதுக்கா அவ்ளோ விமர்சனம் படிச்சேன்?” என்று மாமா தலையில் அடித்துக்கொண்டார். “தூங்குறதுக்கு லங்காவி எதுக்குக்கா, வேன் பின்சீட்டு போதுமே!”

இருட்டிய பிறகு எழுந்த அம்மா அப்பாவைப் பிடித்துக்கொண்டாள். “ஏங்க எழுப்பல? தூங்கவா இவ்ளோ தூரம் வந்தேன்? நம்ம வீட்டுல கட்டில் இல்லையா?”

“நீ தூங்குறதப் பாத்தா எழுப்ப மனசு வரல” என்றார் அப்பா.

“அந்த மனச வெச்சு நான் என்னா பண்றது?”

எனக்கு இருவர் மேலும் கோபம். ஒருவர் எழுப்பமாட்டார், ஒருவர் எழமாட்டார். நடுவில் என் ஸ்ட்ராபெரி போனது போனதுதான்.

அடுத்த நாள் கடைசி நாள். மத்தியானத்துக்குமேல் படகு. வீடு போய்ச் சேர்ந்தால் அன்று சாயங்காலமே கீழே தொழிற்சாலைப் பேருந்து வந்து நிற்கும். இதை விட்டால் அடுத்த வருடக் கடைசிதான். அன்று பார்த்து விடிந்ததிலிருந்து ஒரே மேகம். அம்மா வாசற்படியில் உட்கார்ந்து ஆகாயத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் மூவரும் உள்ளே பை கட்டினோம்.

பையெல்லாம் கட்டி முடித்த பிறகு மேகம் விலகியது. சரளைக்கல் பளீரென்றது. அம்மாவுக்குக் கண் சொருகத் தொடங்கியிருந்தது. எழுந்து உள்ளே போகப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் அறைக்கதவை வெளியிலிருந்து சாத்தினாள்.

“சாய்வு நாற்காலியத் தூக்கி மணல்ல போடுங்க. தூக்கம் வந்தா அங்கயே வரட்டும்.”

மாமாவும் அப்பாவும் ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு போனார்கள். அம்மா படுத்தாள், தொப்பியை எறிந்தாள், சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டிவிட்டுக்கொண்டாள். சற்று நேரத்தில் குறட்டை.

விடுதியில் வேலை பார்த்த மலாய்க்கார அண்ணன் பதறிப்போய்ப் பெரிய குடையொன்றைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். மாமா அவரை வழிமறித்து, வேண்டாம் அண்ணே, இவருக்கு வெயில்தான் வேண்டும் என்று மலாயில் விளக்கினார். அவர் நம்பவில்லை. நாங்கள் ஏதோ குடும்பத் தகராறில் அம்மாவைத் தண்டிக்கிறோம் என்று எண்ணியிருக்க வேண்டும். கொஞ்சம் தள்ளி நின்று குடையை விரித்து வைத்துக்கொண்டு எங்களையே முறைத்தார்.

அப்பா என்னைக் கூப்பிட்டு, “அம்மா மேல நெழலு விழாமப் பாத்துக்க” என்றார். என் விடுமுறை இந்த வேலையில் வந்து முடிந்தது. கொடியில் தொங்கிய துண்டின் நிழல் அவள் கால்பக்கம் நகர்ந்து வந்தபோது துண்டை உருவி எடுத்தேன். மாமா சொன்னது உண்மை, அதற்குள் காய்ந்திருந்தது. பிறகு, இவ்வளவு தூரம் தூக்கி வந்ததற்கு ஒரு தடவையாவது இருக்கட்டும் என்ற வீம்பில், பையிலிருந்து சுவெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டு அந்த வெயிலில் நின்றேன். குடைக்கார அண்ணனுக்கு எங்கள் குடும்பத்தைப் பற்றி இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் தீர்ந்திருக்கும்.

வேர்வை ஆறாக ஓட, நான் அம்மாவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் பகலில் தூங்கி நான் அதற்கு முன் சரியாகப் பார்த்ததில்லை. வீட்டில் அந்த அறை இருட்டு. இங்கே கன்னத்தின் பூனைமுடிகூடத் தெரிந்தது. தூங்குவதற்கு எதற்கு இவ்வளவு வெளிச்சம் என்றுதான் அப்போது தோன்றியது. வேறெதுவும் தோன்றவில்லை.

மாமா அறை வாசலிலிருந்து மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார். படகுக்கு நேரமாகிவிட்டது. அப்பா வழக்கம்போல எங்கோ பார்த்தார். வேறு வழியில்லாமல் நானே போய் அவள் தலைமாட்டில் குனிந்து, “ம்மா” என்றேன்.

என் நிழல் அவள் முகத்தில் விழுந்தது. அம்மா கண்ணைத் திறக்கவில்லை. கையை மட்டும் நீட்டி, துழாவி, என் சுவெட்டரைப் பற்றினாள். ஒரு திரைச்சீலையை ஒதுக்குவதுபோல என்னைப் பக்கவாட்டில் ஒதுக்கி விட்டுவிட்டு, அதுவரை வெயில் படாத மறுகன்னத்தைச் சூரியனுக்குக் காட்டித் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.