துணியின் ஓரத்தில் கசியும் மூச்சு

முதலில் செருப்புதான் காலில் ஏற மறுத்தது. காலையில் சரியாக இருந்தது சாயங்காலம் இறுகிப்போனது. நாளெல்லாம் தையல் மெஷினில் உட்கார்ந்தால் கால் வீங்கத்தான் செய்யும் என்று எனக்கு நானே வைத்தியம் சொல்லிக்கொண்டேன். சில மாதங்களில் முகமும் வீங்கியது. திருப்பதியில் ரத்தப் பரிசோதனை செய்தபோது கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. இரண்டு சிறுநீரகமும் ஏறக்குறைய ஓய்ந்துவிட்டன என்றார் டாக்டர்.

அன்றிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் (ரத்தத்தை வெளியே எடுத்து, இயந்திர வடிகட்டியில் சுத்தம் செய்து, திரும்ப உடம்புக்குள் அனுப்புவது). ஆந்திர எல்லைக்குள் பிச்சாட்டூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து திருப்பதிக்கு ஆட்டோவில் இரண்டு மணி நேரம். படுக்கையில் நாலு மணி நேரம். திரும்பவும் இரண்டு. மிச்சமிருக்கும் நாட்களில்தான் சமையல், தையல், சண்டை எல்லாம்.

பெருந்தொற்று வந்தபோது எல்லோரையும் வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள். எங்களைப் போன்றவர்களால் அது முடியாது. ஒரு முறை தவறினால் உடம்பில் நீர் கட்டும். இன்னொரு முறை தவறினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். போனாலோ வார்டு முழுக்க ஆட்கள். எங்களைத் தொற்று பிடித்தால் லேசில் விடாது என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். இதைப் படிப்பவர்களில் டயாலிசிஸ் நோயாளிகள் இருந்தால், அந்தப் பயத்தை நான் விவரிக்கத் தேவையில்லை.

கணவர் சென்னைப் பக்கம் ஒரு குடோனில் வேலை பார்த்தார். மாநில எல்லையை அடைத்ததும் அங்கேயே மாட்டிக்கொண்டார். வீட்டில் நானும் நாத்தனார் வசந்தாவும் மட்டும்தான்.

வசந்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுடையது நிலமில்லாமல் கூலிக்குப் போன குடும்பம். பக்கத்து ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் கம்பெனிகள் வந்த பிறகு எங்கள் வீட்டில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கியவள் அவள். கழுத்தில் அடையாள அட்டை, காலில் ஷூ, விடிந்ததும் கம்பெனி பஸ். ஏ.சி.க்குள் வைக்கிற ஃபில்டரைச் சோதிக்கும் வேலை. எதையும் ஒரு முறை திருப்பிப் பார்த்துத்தான் கையில் வாங்குவாள். நான் ஊற்றிய தோசையைக்கூட. அவளை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது என்பதை இப்போது ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

மருத்துவமனையில் போடும் முகக்கவசங்கள் கிடைக்காத சமயம் அது. இருபது வருடமாக ரவிக்கை தைக்கிறவளுக்கு இது ஒரு வேலையா என்று லைனிங் துணியை மூன்று மடிப்பாக வைத்துத் தைத்தேன். துணியின் கண்களெல்லாம் அடையட்டும் என்று கெட்டியாகக் கஞ்சி போட்டு இஸ்திரியும் போட்டேன். மாட்டிக்கொண்டு எரியும் தீக்குச்சியை ஊதிப் பார்த்தேன். அணையவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வசந்தா அதை வழக்கம்போலத் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னா அண்ணி இது, அட்டை மாதிரி கீது?"

"கஞ்சி போட்டுக்கீறேன். ஒரு பூச்சி பூர முடியாது."

அவள் விரலை ஈரமாக்கி என் கன்னத்தோரம் வைத்தாள். "மூச்சு வுடு." பிறகு என் விரலையே அங்கே வைக்கச் சொன்னாள். சூடாகக் காற்று வந்தது. மூக்கின் இரண்டு பக்கமும் அப்படியே.

"துணி வழியா வுடலன்னா காத்து இன்னா பண்ணும், சும்மா ஒக்காந்துகினு இருக்குமா? ஓரமா போயிடும். வரும்போதும் அப்படித்தான் வரும். எங்க லைன்ல இத்த ரிஜெக்ட் பண்ணிடுவோம்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் விரலில் பட்ட சூட்டை இல்லை என்று சொல்ல முடியவில்லை. வாரத்துக்கு மூன்று நாள் வடிகட்டியால் உயிர் வாழ்கிறேன், வடிகட்டியைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாமல் இருந்தது.

"ரவிக்கைக்கு அளவு எடுக்கிற, மூஞ்சிக்கு எடுக்க மாட்டியா?" என்று டேப்பை எடுத்து நீட்டினாள்.

கஞ்சியை அலசினேன். நெருக்கமாக நெய்த பருத்தியை, மூச்சு துணி வழியாகவே போகும்படி மடித்தோம். மூக்கின் மேல் வளைந்து உட்கார மெல்லிய தகடு வைத்தோம். காதில் மாட்டும் எலாஸ்டிக்கை விட்டுவிட்டுத் தலைக்குப் பின்னால் கட்டும் நாடா தைத்தேன். ஒவ்வொன்றையும் போட்டு, ஓரமெல்லாம் விரல் வைத்துப் பார்த்தாள். ஆறு ரிஜெக்ட். ஏழாவதை பாஸ் செய்தாள்.

"ஆனா இதையே நம்பிகினு கூட்டத்துல பூந்துடாத அண்ணி. துணி துணிதான். ரொம்பப் பொடிசா இருக்கிறதெல்லாம் பூந்துடும். வெறும் மூஞ்சிக்கு இது எவ்வளவோ மேல், அவ்வளவுதான். ஈரமானா மாத்திடு."

தன் சரக்கைப் பற்றி இவ்வளவு உண்மை பேசுகிற ஆளை நான் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை.

அவளுக்கும் ஒன்று தைத்துக் கொடுத்தேன். டயாலிசிஸ் நாட்களில் வேறு ஷிஃப்ட் கேட்டு வாங்கி என்னோடு வந்தாள். ஆடி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, கிளம்பும் நேரத்தில் அவளுக்கு போன் வந்தது. வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தவள், முகக்கவசத்தைக் கட்டிக்கொண்டு ஆட்டோவின் இரண்டு பக்கத் தார்ப்பாயையும் சுருட்டி மேலே கட்டச் சொன்னாள்.

தூறல் போட்டுக்கொண்டிருந்தது. என் புடவை நனைந்தது. காற்று வீசும் பக்கம் என்னை உட்காரவைத்து, அவள் மறுகோடியில் ஒட்டிக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தாள். புத்தூர் தாண்டியதும் இட்லி டப்பாவை நீட்டினேன்.

"நீ துன்னு அண்ணி. எனுக்கு வாணாம்."

தண்ணீரும் குடிக்கவில்லை. "கோயில் மடப்பள்ளியில சாமிக்குத் தளிகை பண்றவங்க மாதிரி வாயக் கட்டிகினு வர்றியே" என்று கிண்டல் செய்தேன். அதற்கும் திரும்பவில்லை. வார்டு வாசலில் நர்சம்மாவிடம் தெலுங்கில் தணிந்த குரலில் என்னவோ சொன்னாள். என்னை வழக்கமான இடத்தில் விடாமல் ஜன்னலோரக் கடைசிப் படுக்கைக்கு அனுப்பினார்கள். நோயாளியோடு அலைந்து அலுத்துவிட்டது, என் கையால் சாப்பிடக்கூட அருவருப்பு, இங்கேயும் வந்து புகார் சொல்கிறாள் என்று முடிவு கட்டினேன். அந்த நாலு மணி நேரமும் அவளை மனசுக்குள் திட்டித் தீர்த்தேன்.

மறுநாள் சாயங்காலம் அவளுக்குக் காய்ச்சல். பரிசோதனையில் தொற்று உறுதியானது. திருப்பதியில் ஒரு சிகிச்சை மையத்துக்கு அழைத்துப் போனார்கள். எனக்கும் பரிசோதித்தார்கள். இல்லை என்று வந்தது. சில நாள் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்று தனி ஷிஃப்டில் டயாலிசிஸ் செய்தார்கள்.

அந்த நாட்களில்தான் நர்சம்மா சொன்னார். கம்பெனி பஸ்ஸில் வசந்தாவின் பக்கத்து இருக்கைப் பெண்ணுக்குத் தொற்று என்று அந்தத் திங்கட்கிழமை காலையில்தான் தெரிந்ததாம். போனில் வந்த சேதி அதுதான். வார்டு வாசலில் அவள் சொன்னதும் அதைத்தான்.

போன் செய்தேன். இரண்டு வார்த்தைக்கு ஒரு இருமலோடு பேசினாள். ஆக்சிஜன் வைத்திருந்தார்கள்.

"ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ வண்டி ஏறியிருக்க மாட்ட. ஏற்கெனவே வெள்ளிக்கிழம அரகொறையா பண்ணிகினு வந்த. காலு வீங்கிக் கெடந்துது. வேற யாரு கூட்டிகினு போவா?" மூச்சு வாங்கியது. "உனுக்கு ரிசல்ட் வந்துதா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. உன் அடுத்த தோசையைத் தீய்க்காமல் ஊற்றுகிறேன், வந்து சேர் என்று மட்டும் சொன்னேன்.

இரண்டாவது பரிசோதனையிலும் எனக்கு இல்லை. டாக்டர் தெலுங்கில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். "உன்னைக் காப்பாற்றியது காற்றா, துணியா, அதிர்ஷ்டமா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. ஆனால் ஒன்று. உன் வாயில் இருந்த துணியைவிட அவள் வாயில் இருந்த துணி உனக்கு அதிகம் உதவியிருக்கும். எச்சில் துளி வெளியே கிளம்பும்போதே பிடிப்பது சுலபம். காற்றில் பரவிக் காய்ந்து பொடியான பிறகு கஷ்டம்."

வசந்தா பிழைத்து வந்தாள். பழையபடி ஆக ஐந்து மாதம் பிடித்தது. மாடிப்படியில் நடுவே நின்று சிரித்து, எனக்காக நிற்பதுபோல பாவனை செய்வாள். இப்போது அவள் லைன் சூப்பர்வைசர். அவளைப்போல ஒரு கெட்டிக்காரியை, அவளைப்போல ஒரு நெஞ்சுரக்காரியை நான் இன்னும் பார்க்கவில்லை.

நோய் வருவதற்கு முன்னால் என் உடம்பு தோலோடு முடிந்துவிடுகிறது என்று நினைத்திருந்தேன். டயாலிசிஸ் வந்த பிறகு அது குழாய்களோடு நீண்டது. அந்த ஆடி மாதத்துக்குப் பிறகு அது எங்கே முடிகிறது என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

போன வாரம் எனக்குச் சளி பிடித்திருந்தது. இப்போது வார்டில் யாரும் முகக்கவசம் போடுவதில்லை. நான் கட்டிக்கொண்டு போனேன். பக்கத்துப் படுக்கையில் ஒரு பெண், அன்றுதான் அவளுக்கு முதல் டயாலிசிஸ்.

"இன்னும் எதுக்குக்கா அது?"

"எனுக்குச் சளிம்மா."

"உனுக்கு ஏற்கெனவே புடிச்சிகினுதே. போட வேண்டியது நான்தானே?"

நாற்பது வயது வரைக்கும் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அவளுக்குப் பதில் சொல்வதற்குள் மெஷினை ஓடவிட்டார்கள். பயத்தில் கண்ணை மூடிக்கொண்டாள். அவளுக்கும் எனக்கும் நடுவே ஒரு கை நீளம்தான் இருந்தது. கன்னத்தோரம் விரல் வைத்துப் பார்த்து, நாடாவை இன்னொரு முறை இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.