கரி துடைத்த தாள்கள்

பாகூரில் நான் தோட்டவேலை செய்த வீட்டு ஐயா, சிவப்பு ஒளிக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாமல் வரும் சூட்டை அளந்தவர். வழவழப்பான தாளில் விளக்குப் புகையைப் படியவிட்டுக் கருவியில் சுற்றுவார். அந்தக் கரியில் ஊசி கீறும் கோடுதான் அவருடைய கணக்கு.

அவர் இறந்தபின், அந்தத் தாள்களை வாங்கிப் பாரீசில் பாதுகாக்க ஒரு துரை வருவதாகத் தகவல் வந்தது. கணவர் பெயர் நிலைக்கும் என்று வீட்டம்மா காத்திருந்தார். அதற்குள் சரஸ்வதி பூசை வந்தது. தாள்களைப் பூசையில் அடுக்க வந்த மாப்பிள்ளை, பத்திரம் எழுதும் நொத்தேர் அலுவலகக் குமாஸ்தா, முகம் சுளித்தார்.

"இன்னா அத்த, சாமி முன்னால இம்மாங் கரியா?" என்று ஈரத்துணியை எடுத்தார்.

"அந்தக் கரியிலதான் அவரு கணக்கே இருக்குது மாப்ள."

"கண்ணுக்குத் தெரியாததுன்னு மாமாதான சொன்னாரு! அது தொடச்சா மட்டும் போயிடுமா?"

மாப்பிள்ளையை அதற்குமேல் எதிர்த்துப் பேசுவது எங்கள் பக்கத்து வழக்கமில்லை. அந்த மேதை எல்லாத் தாள்களையும் வெள்ளையாக்கி மஞ்சளும் தடவி வைத்தார்.

துரை வந்து ஒவ்வொரு தாளாகத் திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தார். பிறகு வீட்டம்மாவைக் கும்பிட்டுவிட்டு வெறுங்கையோடு போனார்.

"வெள்ளக்காரனுக்குப் பூச இன்னான்னு தெரியாது," என்றார் மாப்பிள்ளை.

வீட்டம்மா அவருக்கு இலை போட்டார். அவர் இன்னும் கொஞ்சம் பாயசம் கேட்டார்.