வண்டியில் ஓர் இடம்

ஆஸ்திரேலியாவின் நடுப் பாலைவனத்தை ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் கடக்க வேண்டும் என்ற பைத்தியம் முதலில் பிடித்தது எனக்கல்ல, கிள்ளானில் இருக்கும் என் பள்ளித் தோழனுக்கு. செமினிப் பக்கத்துக் காட்டுச் சேற்றில் வண்டி ஓட்ட நண்பர்கள் எங்கள் மூவரையும் பழக்கியவனும் அவன்தான். பிறகு அவனுக்குச் சிறுநீரகம் கெட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸ். பயணப் பேச்சை எல்லாரும் விட்டுவிட்டோம்.

இந்த வருடம் அதை மறுபடி கிளப்பியவன் நான். பிரிக்பீல்ட்ஸ் கடையொன்றில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு நாங்கள் நால்வரும் கூடினோம். அவன் ஒரு வரைபடத்தைப் பிரிண்ட் எடுத்து வந்திருந்தான். பாலைவனத்து ஓரம் ஓர் ஊரில் டயாலிசிஸ் மையம் இருக்கிறதாம். அங்கேயே தங்கலாம்.

"ஒரு நாளு மணல்ல போவோம். மறுநாளு நான் மெஷின்ல படுத்துக்கறேன். எப்படி?" என்றான்.

நல்ல யோசனை. அது எனக்கும் தெரிந்தது. ஆனால் பாலைவனத்தைக் குறுக்கே கடந்தேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்ளும் ஆசை என்னை விடவில்லை. குறுக்கே கடக்க ஒரு வாரமாவது ஆகும்; வழியில் டயாலிசிஸ் கிடையாது, அவனால் வர முடியாது.

"அது டூரிஸ்ட் போற ரூட்டு லா மச்சான். கிராஸ் பண்ணாம என்னத்துக்கு அவ்ளோ தூரம் போவணும்?"

மற்ற இருவரும் இலையைப் பார்த்துச் சாப்பிட்டார்கள். அவன் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "அதுவும் சரிதான்" என்றான்.

அதை ஈடுகட்ட அவனுக்கு ஒரு பதவி கொடுத்தேன். இப்படிப்பட்ட பயணத்துக்கு ஊரில் ஓர் ஆள் வேண்டும். தினமும் சாயங்காலம் சேட்டிலைட் போனில் அவரைக் கூப்பிட்டு, எங்கே இருக்கிறோம் என்று சொல்ல வேண்டும். அழைப்பு வராவிட்டால் அவர்தான் ஆஸ்திரேலியப் போலீசுக்குத் தகவல் கொடுப்பார். "எங்க உசிரே ஒன் கையில மச்சான்" என்று பெரிதாக அளந்தேன். சொல்லும்போதே எனக்குக் கூசியது.

போன வாரம், வாடகைக்கு எடுத்த அந்தப் போனைச் சோதித்துப் பார்க்க அவன் வீட்டுக்குப் போனேன். டயாலிசிஸ் நேரத்தைச் சாயங்காலத்திலிருந்து காலைக்கு மாற்றியிருந்தான்.

"நீங்க கூப்பிடுற நேரம் ஊசியோட படுத்துக் கெடந்தா நல்லாவா இருக்கும்?" என்றான்.

"இனிமே விடியறதுக்கு முன்னாடியே கெளம்பணும்" என்றார் அவன் மனைவி, என் முகத்தைப் பார்க்காமல். காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

அந்தப் போனுக்குத் திறந்த வானம் வேண்டும். வாசல் கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிட்டேன். ஜன்னல் வழியாக அவன் தெரிந்தான். முதல் மணியிலேயே எடுத்தான்.

"எங்கடா இருக்கீங்க?"

"பாலைவனத்து நடுவுல" என்றேன் விளையாட்டாக.

"தண்ணி இருக்கா? மணலுக்கு டயர்ல காத்து எறக்கிட்டீங்களா?"

"எல்லாம் ஆச்சு மச்சான்."

பிறகு சிரித்துக்கொண்டேதான் கேட்டான். "வண்டியில இன்னும் ஒரு எடம் இருக்குதானே?"

இருந்தது. ஐந்து பேர் உட்காரும் வண்டியில் நாங்கள் மூன்று பேர். டிக்கெட் கூட இன்னும் எடுக்கவில்லை. ரூட்டை மாத்திக்கலாம் மச்சான் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது.

"லைன் கிளியர் இல்ல. ஒண்ணும் கேக்கல" என்றேன்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு குரலை உயர்த்தி, "பரவால்ல மச்சான். நாளைக்கு மறக்காமக் கூப்பிடு" என்றான்.