நான் நீக்கிய தபால்காரர்

பாரம்பரிய நெல் பயிரிடுகிறவர்களுக்கென்று ஒரு மின்னஞ்சல் குழுவை உத்திரமேரூரில் என் வீட்டிலிருந்து நடத்திவந்தேன். ஒருவர் எழுதினால் எல்லோருக்கும் போகும். குப்பை விளம்பரங்கள் நுழையாமல் பார்ப்பதும், அனுப்புகிறவரை நீக்குவதும் என் வேலை. நீக்குவதை நான் கொஞ்சம் ரசித்தே செய்தேன்.

பக்கத்தில் பெருநகர் என்ற கிராமத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் குழுவில் இருந்தார். தூயமல்லி நெல்லைப் பற்றி நான் எழுதிய ஒரு தவற்றை ஒருமுறை பணிவாகத் திருத்தினார். எல்லோரும் அவருக்கு நன்றி சொன்னார்கள். நானும் சொன்னேன். ஆனால் மறக்கவில்லை.

ஒரு நாள் காலையில் அவருடைய முகவரியிலிருந்து ஆண்மை மாத்திரை விளம்பரம் குழு முழுக்கப் போயிற்று. அஞ்சலின் உள்விவரங்களைப் பார்த்தேன். யாரோ வெளிநாட்டிலிருந்து அவர் கணக்கைத் திருடி அனுப்பியது அது. சத்தமில்லாமல் அவரை நிறுத்திவைத்து, கடவுச்சொல்லை மாற்றச் சொல்லியிருந்தால் போதும். நான் எல்லோருக்கும் எழுதினேன்: “பெரியவர் நெல்லை விட்டுவிட்டு மாத்திரை வியாபாரத்தில் இறங்கிவிட்டார். தேவைப்படுகிறவர்கள் அவரைத் தனியாகத் தொடர்புகொள்ளலாம்.” பிறகு நீக்கினேன். சிரித்துச் சிரித்துப் பதில்கள் வந்தன. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படித்தேன்.

மூன்றாம் நாள் பஸ் பிடித்து வீட்டுக்கே வந்துவிட்டார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அவர் ஊர்க்காரர்கள் இரண்டு பேரும் குழுவில் இருந்தார்கள். அவர்கள் டீக்கடையில் போய்ச் சொல்லிவிட்டார்களாம்.

“சார், அத்த நான் அனுப்பல. எவனோ உள்ள பூந்து அனுப்பிகிறான். நான் அனுப்பலன்னு நீங்க ஒரு வரி எழுதிட்டா போதும். வூட்ல மருமவ எதிர்ல நிக்க முடில.”

விசாரித்துப் பார்க்கிறேன் என்றேன். விசாரிக்க எதுவும் இல்லை. அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். நான் எழுதவில்லை.

புது முகவரி ஒன்றிலிருந்து மறுபடி சேர விண்ணப்பித்தார். தன் வயலில் கண்ட நெற்பழ நோயைப் பற்றி நீளமாக, கவனமாக ஒரு கடிதமும் அனுப்பியிருந்தார். நிராகரிக்கக் காரணம் எழுதும் கட்டத்தில் ‘விளம்பரம்’ என்று போட்டு நிராகரித்தேன்.

அறுவடை முடிந்த சமயம், பெருநகர் போகும் பஸ்ஸில் அவரைப் பார்த்தேன். பின் சீட்டிலிருந்து ஒருவன், “இன்னா பெர்சு, மாத்திர ஸ்டாக் கீதா?” என்று கேட்டான். பஸ் முழுக்கச் சிரித்தது. அவர் திரும்பியபோது என்னைக் கண்டுகொண்டார். நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. நான் அடக்கவில்லை.

ஊர் வருவதற்கு முந்தைய நிறுத்தத்திலேயே இறங்கி, வெயிலில் நடக்க ஆரம்பித்தார்.