பேர் வெட்டாத தூக்கு

அந்தச் சோற்றுத் தூக்கின் மூடியைத் திறந்தால் ‘டப்’ என்று ஒரு சத்தம் வரும். அக்கா அதை முந்தானைக்குள் வைத்துத்தான் திறப்பாள். அப்படியும் சத்தம் கேட்டுவிடும், கிடங்கில் இருந்த அத்தனை பெண்களின் தலையும் திரும்பும். எங்கள் எல்லோரிடமும் இருந்தது நசுங்கிப்போன அலுமினியத் தூக்கு. அவளிடம் மட்டும் புது எவர்சில்வர். கூலி ஏறிய அடுத்த வாரமே அதைக் கொண்டுவந்தாள். அதுதான் அவள் செய்த தப்பு.

மெட்ராஸ் கொருக்குப்பேட்டையில் கூட்ஸ் வண்டிகள் நிற்கிற தண்டவாளத்தை ஒட்டி இருந்தது எங்கள் சாக்குக் கிடங்கு. எழுபதாவது வருஷத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஹார்பரில் கொக்கி மாட்டிக் கிழிந்த சாக்குகள் கட்டுக் கட்டாக வரும், நாங்கள் தைத்துக் கொடுக்க வேண்டும். ஒரு சாக்குக்கு இரண்டு பேர். எதிரும் புதிருமாக உட்கார்ந்து, கிழிசலின் இந்த முனையிலிருந்து ஒருத்தி, அந்த முனையிலிருந்து ஒருத்தி தைத்துக்கொண்டு வந்து, நடுவில் சேர்ந்ததும் முடிச்சுப் போடுவோம். எனக்கு ஜோடி அக்கா. கூடப் பிறந்தவள் இல்லை, வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்து அப்படித்தான் கூப்பிட்டேன். நான் அஞ்சாவது வரை படித்தவள், எதிர்த்து வாய் பேசத் தெரியாது, கையும் மெதுவாகத்தான் ஓடும். அவளுடைய ஊசி பாதியைத் தாண்டி என் பக்கத்துக்கு வந்து எனக்கும் சேர்த்துத் தைத்துவிட்டுப் போகும். யாரிடமும் அதை அவள் சொன்னதில்லை.

முன்பெல்லாம் கூலி ஏறினால், கிடங்குக் கணக்கு எழுதுகிற ரைட்டர் எல்லோரையும் வாசலில் நிற்க வைத்துச் சொல்வார். அன்றைக்கு எல்லோருமாகக் காசு போட்டு டீயும் பன்னும் வாங்கித் தின்போம். அந்த வருஷம் மட்டும் ஒவ்வொருத்தியாக எடை போடுகிற அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். நான் அவர் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். “உனக்கு நாள் கூலியில எட்டணா ஏத்தியிருக்கு. வெளியில மூச்சு விடக் கூடாது” என்றார். ஏன் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. வெளியே வந்தால் எல்லோரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். அன்றைக்கு யாரும் பன் வாங்கவில்லை.

எங்களில் மூத்தவள் ஒரு பெரியம்மா, வெற்றிலை வாய். அவளுக்கு எதையும் வயிற்றுக்குள் வைத்துக்கொள்ள முடியாது. மத்தியானமே, “எனுக்கு நாலணாதான்மே ஏத்துனான் கஸ்மாலம். உனுக்கு எவ்ளோ?” என்று ஆரம்பித்தாள். ஒவ்வொருத்தியும் நாலணா, நாலணா என்றார்கள். என் முறை வந்தது. நானும் நாலணா என்றேன். அக்கா மட்டும் பதில் சொல்லவில்லை. “அத்த வுடுங்கடி, வேலைய பாருங்க” என்று சாக்கை உதறினாள். அந்தத் தூசி அடங்குவதற்குள் சந்தேகம் அவள் மேல் போய் உட்கார்ந்துவிட்டது.

அப்புறம் அந்தத் தூக்கு வந்தது. “தூக்கு ஷோக்கா கீதே! எடை ரூம்ல உன்னிய மட்டும் தராசுல ஒக்கார வெச்சு ஏத்துனாரா?” என்றாள் பெரியம்மா. எல்லோரும் சிரித்தார்கள். “ஆமாமா, கெடங்கையே என் பேருல எழுதி வெச்சிட்டாரு. வெத்தலைய துப்பிட்டு வா, பத்திரம் காட்டறேன்” என்று அக்காவும் சிரித்தாள். ஆனால் மறுநாளிலிருந்து எதைப் பார்த்தாலும் சந்தேகம்தான். அவள் தலையில் ஒரு முழம் பூ இருந்தால் சந்தேகம், குழம்பில் வஞ்சிரம் வாசனை வந்தால் சந்தேகம். அவள் தண்ணீர் குடிக்க எழுந்து போனால்கூட ரைட்டரிடம் கோள் சொல்லப் போகிறாள் என்று கண்ணைக் காட்டிக்கொள்வார்கள்.

எதிரில் உட்கார்ந்திருந்ததால் ஒன்று எனக்கு மட்டும் தெரிந்தது. கடையில் எவர்சில்வர் வாங்கினால் பேர் வெட்டித்தான் கொடுப்பார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கிற பழக்கத்தில் அந்தத் தூக்கில் பேரைத் தேடினேன். பக்கத்திலும் இல்லை, மூடியிலும் இல்லை. அப்படியென்றால் அது துட்டுக் கொடுத்து வாங்கியது இல்லை. தெருவில் பாத்திரக்காரரிடம் பழைய துணி போட்டு வாங்கியது. இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால், ‘அப்போ அதிகம் வாங்கினது யார்?’ என்று பேச்சு அடுத்து எங்கே வருமோ என்று பயந்தேன். எனக்குக் காலடிப்பேட்டையில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்த நேரம். கதவு சாத்திய அறையில் ஒரு கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு மட்டும் எட்டணா என்றால், கொருக்குப்பேட்டை வாய் என்ன பேசும் என்று எனக்குத் தெரியாதா?

ஒருநாள் பெரியம்மா, “நீ இன்னாத்துக்கு அவளாண்ட குந்திகினு கீற? இப்பால வா, பொண்ணே” என்றாள். நான் ஊசியை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டேன். அக்கா நிமிர்ந்து பார்க்கவில்லை. அதற்கு அப்புறம் அவளோடு யாரும் உட்காரவில்லை. ஒரு முனையிலிருந்து நடுவரைக்கும் தைப்பாள், எழுந்து சுற்றிக்கொண்டு மறுபக்கம் போவாள், அந்த முனையிலிருந்து தைப்பாள், முடிச்சைத் தானே போடுவாள். நாளுக்கு அவள் முடிக்கிற சாக்கு பாதியாகக் குறைந்தது. மூன்றாவது வாரம், திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று ரைட்டர் சொல்லிவிட்டார்.

அன்று சாயந்திரம் ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் யாரோ நிற்கிறார்கள் என்று பார்த்தால் அக்கா. அவளாகத்தான் பேசினாள். “எனுக்கு ஒண்ணுமே ஏத்தலடி. போன வருசம் குடிக்கத் தண்ணி இல்லன்னு எல்லாரியும் இட்டுகினு ரைட்டராண்ட போய் நின்னேன்ல, அந்தக் கடுப்பு அந்தாளுக்கு. ஒண்ணும் குடுக்கலன்னு சொல்லிகினு, அதுங்க எதிர்ல சின்னப்பட்டுப் போவணுமா?” நான் தூக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினாள். “பழசு ஓட்டையாயி கொழம்பு ஒழுவிகினு இருந்துச்சு. கண்ணாலத்துப் பட்டுப் பொடவையப் போட்டேன், ஜரிகைக்கு இத்தக் குடுத்தான்.” வண்டியின் கடைசிப் பெட்டி போய்க் கேட் திறந்தது. “உனுக்கு எவ்ளோன்னு நான் கேக்க மாட்டேன்டி” என்றாள். எனக்கு முன்னால் தண்டவாளத்தைத் தாண்டிப் போனாள். அதற்கு அப்புறம் நான் அவளைப் பார்க்கவே இல்லை.

அவளுக்குத் தெரிந்துதான் அப்படிச் சொன்னாளா? இத்தனை வயதுக்கு அப்புறமும் என் புத்தி அதைத்தான் சுற்றுகிறது. ரைட்டர் அப்புறம் ஒருநாளும் என்னைக் கூப்பிட்டதில்லை, ஒரு வார்த்தை அதிகம் பேசியதில்லை. கிடங்கில் மெதுவான கை என்னுடையது. எனக்கு எதற்கு எட்டணா? நான் நன்றாகத் தைத்ததற்கு இல்லை, வாய் திறக்க மாட்டேன் என்பதற்குத்தான் என்று இப்போது தோன்றுகிறது. தண்ணீர் கேட்டு நின்றவளுக்கு ஒன்றும் இல்லை, அவள் எதிரில் உட்கார்ந்திருந்தவளுக்கு எல்லோரையும்விட அதிகம். அவள் எதிரிலிருந்து என்னை அவர் எழுப்பவே இல்லை. எழுந்து போனது நான்தான்.

கல்யாணமாகி வந்தபோது, சேர்த்து வைத்திருந்த அந்த எட்டணாக் காசில் டோல்கேட் பாத்திரக் கடையில் நானும் ஓர் எவர்சில்வர் தூக்கு வாங்கினேன். என்ன பேர் போடணும் என்று கடைக்காரர் கேட்டார். என் பேரைச் சொன்னேன், சுத்தியலால் தட்டித் தட்டி அழகாக வெட்டிக் கொடுத்தார். இன்றைக்கும் காலடிப்பேட்டை வீட்டில் அது இருக்கிறது. மருமகள் அதில் மாவு வாங்கிவருவாள். கழுவி, பேர் தெரிகிற மாதிரி அலமாரியில் வைத்துவிட்டுப் போவாள். அவள் அந்தப் பக்கம் போனதும் நான் எழுந்து போய், பேர் வெட்டிய பக்கத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைக்கிறேன்.