நான்காம் எண் பாட்டில்

அம்மா இருபத்திரண்டு வருடம் நிக்கல் முலாம் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டாள். பட்டறையில் அவள் பெயர் ஆசிட்டக்கா. தொட்டிக்கும் நாக்குக்கும் சேர்த்து வைத்த பெயர். வேலைக்கு வந்ததும் அமில அளவை அறியக் கரைசலில் சோதனைத் தாளை நனைத்து நிறம் பார்ப்பாள். நாலு என்றால் நோட்டில் நாலு; அதுதான் இருக்க வேண்டிய அளவு.

நான் வேதியியல் படித்த மகள். அந்தத் தாளைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல். அமில அளவை எண்ணாகக் காட்டும் ஒரு பிஎச் மீட்டர் வாங்கிக் கொடுத்தேன். ஆறு மாதம் கழித்து ஒரு நாள் போன் வந்தது.

"ஏண்டி, மீட்டரு நாலே முக்கால்ங்குது. தாளு நாலுதாங்குது. எத நம்புறது?"

"தாளத் தூக்கிப் போடும்மா. மீட்டர் பொய் சொல்லாது."

"சொல்லாதுதான். பொய் சொல்ல வாய் வேணுமே."

ஆனாலும் நான் சொன்னபடி, மீட்டர் நாலுக்கு இறங்கும்வரை அமிலம் ஊற்றினாள். மறுநாள் முலாம் பூசிய குழாய் மூடிகள் எல்லாம் ஊசியால் குத்தியதுபோல் குழிகுழியாக வந்தன. மேலாளர் நோட்டில் 'ஊழியர் தவறு' என்று எழுதி, அவளைப் பொருள்களைத் தொங்கவிடும் கொக்கிகளைக் கழுவ அனுப்பினார். நாலு மாதம் கழுவினாள். என்னிடம் மூச்சு விடவில்லை. பிறகு நெஞ்சுவலி. ஒரே நாளில் போய்விட்டாள்.

மீட்டரை எடுத்துப் போகச் சொல்லிப் பட்டறையிலிருந்து கூப்பிட்டார்கள். போன இடத்தில் நோட்டைப் புரட்டினேன். அம்மா போன் செய்த தேதியில் மீட்டர் 4.8, தாள் 4. பக்கத்தில் அம்மாவின் கோணல் எழுத்து: 'மகள் மீட்டர்தான் என்கிறாள்.' அதற்குக் கீழே, மறுநாள் தேதியில், குழி விழுந்த மூடிகளுக்கு மேலாளரின் 'ஊழியர் தவறு'.

அப்போதுதான் உறைத்தது. மீட்டரை அவ்வப்போது அளவு தெரிந்த இரண்டு கரைசல்களில் முக்கிச் சரிபார்க்க வேண்டும்: ஏழு, நாலு. நான் கொடுத்தது ஏழு மட்டும். நாலாம் எண் பாட்டில் என் அலுவலக மேசைக்குள் திறக்காமலே கிடந்தது.

மறுநாள் அதை எடுத்துப் போய் மேலாளர் கண்முன்னே அதில் மீட்டரை முக்கினேன். 4.7.

"பாத்தீங்களா சார்? நாலுக்கு இது காட்டுற லட்சணத்த. எங்கம்மா தாளுதான் சரி."

"சரிதாம்மா. அவங்களே போய்ச் சேந்துட்டாங்க. இனி என்ன?"

"அந்தத் தப்பு அவங்க பேருல இருக்கே சார். அடிச்சுடுங்க."

"ஆடிட் முடிஞ்ச நோட்டும்மா. அடிக்கக் கூடாது. வேணும்னா பக்கத்துல ஏதாவது எழுதிக்கோங்க."

அம்மா எழுதியதை ஒட்டி எழுதினேன்: 'மகள் சொன்னது தவறு.'

"கையெழுத்து?" என்றார்.

போட்டேன். கீழே 'ஊழியர் தவறு' அப்படியே இருந்தது.